கொய்யா இலையும் ரப்பர் பாலும்

ஜூன் 10, 2025, செவ்வாய்

மழை விடவில்லை. மேல்வராந்தாவில் விரித்த கொய்யா இலை நேற்றும் இன்றும் நமத்துப்போய்க் கிடக்கிறது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் காயும், ஆனால் புகை மணம் ஏறிவிடும். விஜயம்மா அக்காவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "புகை மணம் இருந்தா நாடன் சாதனம்னு ஆளுவ கூடுதல் வாங்கும்" என்கிறாள். அவள் எதைப் பார்த்தாலும் அதில் விற்பனைதான் தெரியும். நாங்கள் பெண்கள் சேர்ந்து நடத்தும் இந்தப் பற்பொடி யூனிட் ஓடுவதும் அவள் வாயால்தான், என் படிப்பால் அல்ல.

எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள் ஆரியங்கோட்டில் உரலில் இடிக்கிறாளே என்று குழித்துறையில் என் வீட்டார் வருத்தப்படுகிறார்கள். படட்டும். கெஸ்ட் லெக்சரர் வேலைக்கு வருடாவருடம் கை கட்டி நின்றதைவிட இது மானமான வேலை.

என் வீட்டுக்காரர் ரெத்தினதாஸ் மட்டும் விடுவதில்லை. பாறசாலை ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு நாள் முழுக்கப் பேசிப் பேசி வாய் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்தால் மிச்சம் எனக்கு. "ஆடு திங்கிய இலைய நீ மனுசனுக்க வாயில வைக்கிய. அந்த ஆடு இதுவரெ பல்லுவலின்னு கரஞ்சிருக்கா?" நந்தனா சிரித்தாள். பெற்ற மகளும் அப்பா கட்சி.

ஜூன் 13

சுமி கூப்பிட்டாள். என்னோடு படித்தவள், இப்போது நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக் கொடுக்கிறாள். நம் பொடியில் சேரும் சரக்குகளின் சாற்றைப் பல் சொத்தைக் கிருமி வளர்ந்த தட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று போன மாதம் வாங்கிப் போனாள். நாம் தின்னும் இனிப்பை அமிலமாக்கிப் பல்லை அரிப்பது அந்தக் கிருமிதான்.

"பிந்து, கொள்ளாம் கேட்டியா. வளையம் வந்திருக்கு." சாற்றில் நனைத்த காகித வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம். கொய்யா இலையும் கிராம்பும் சேர்ந்ததற்கு நல்ல அகலம். வேப்பம்பட்டைக்குச் சுமார். மாவிலைக்குக் கொஞ்சம். உமிக்கரிக்கு ஒன்றுமே இல்லை. "அது சும்மா உரசும், அவ்வளவுதான். கூடுதல் உரசினா பல்லும் தேயும், குறைச்சுக்கோ" என்றாள். இன்னொன்றும் சொன்னாள்: தட்டில் கிருமி வெறும் மேனியாகக் கிடக்கிறது, வாயில் அது பிசின் போலப் படலம் கட்டி ஒளிந்திருக்கும், அதற்குள் நம் சாறு எவ்வளவு இறங்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அது சரி. ஆனால் வளையம் வந்துவிட்டதே. போட்டோவை அவரிடம் காட்டினேன். "தோசை நல்லா வெந்திருக்கு" என்றார்.

ஜூன் 20

இன்று நம் தோசை விமரிசகருக்குப் பல்வலி. கீழ்வரிசையில் வலது கடைவாய்ப் பல். அதில் ஓட்டை விழுந்து ஒரு வருடமாவது இருக்கும். முகத்தைத் துவர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஆட்டோவுக்குள்ளேயே சுருண்டு கிடந்தாராம், சவாரி எடுக்கவில்லை. டாக்டரிடம் போங்கள் என்றால் நாளைக்கு என்கிறார். ஊசி என்றால் இந்த மனிதருக்கு உயிர் போய்விடும். ஆறடி ஆள்.

ஜூன் 22

காலையில் அடுக்களைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பொடி கொஞ்சம் தா" என்றார்.

கிராம்பைக் கூட்டிக் குழைத்துக் கொடுத்தேன். திருப்பிக் கிண்டல் பண்ண எவ்வளவோ இருந்தது. பாவமாகவும் இருந்தது. எச்சிலில் கரைந்து கரைந்து போகிறது, ஓட்டையில் நிற்கவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 25

வலி போய்விட்டது!

அப்படியே எழுதி வைக்கிறேன். பல் தேய்க்க வெளியே வந்தபோது மனிதர் கிணற்றடியில் நின்று வாயை ஆவென்று திறந்து காட்டினார். ஓட்டைக்குள் பொடியைத் திணித்து, அதன் மேல் ரப்பர் பால் வைத்து அடைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் நம் மரத்தில் பால் வெட்டுகிற யோசுவா வைத்துவிட்டுப் போன சிரட்டையிலிருந்து, முந்தாநாள் காலையில், ஈர்க்கிலால் ஒரு சொட்டு எடுத்துப் பல்லில் விட்டு, அது இறுகுகிறவரை வாயை மூடாமலே நின்றாராம். எச்சில் பட்டும் இளகவில்லை. "டியூபுக்கு பஞ்சர் ஒட்டுகது போலயாக்கும். உனக்க மருந்து உள்ள நிண்ணு வேலை பாத்துது. நேத்து ராத்திரி ஒரு வலி இல்ல, ஒறங்கினேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ரப்பர் மரம் வைத்திருக்கிறவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

பிறகு சொன்னார், "உனக்க பொடி கொள்ளாம், கேட்டியா பிந்து." எங்களுக்குக் கல்யாணம் முடிந்து, நந்தனாவே பிளஸ் டூ வந்தாயிற்று, இந்த மனிதர் என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வது இதுதான் முதல். சந்தோஷமாக இருந்தது. பொடி அரிக்கும்போது நானாகவே சிரித்துக்கொண்டிருந்தேனாம், ஏன் என்று விஜயம்மா அக்கா கேட்டாள்.

ஜூன் 30

ஸ்டாண்டு முழுக்க இதே பேச்சுதானாம். விஜயம்மா அக்கா சும்மா இருப்பாளா? நேற்று போனோடு வந்து அவரை ஆட்டோவில் சாய்ந்து நிற்க வைத்து வீடியோ எடுத்துவிட்டாள். "எனக்க பேரு ரெத்தினதாஸ். பல்லுவலி வந்து சாவக் கிடந்தவனாக்கும் நான்…" நல்ல வேளை, ரப்பர் பாலைச் சொல்ல விடவில்லை, அது கம்பெனி ரகசியம் போலிருக்கட்டும் என்றாளாம். வீடியோ எந்தெந்தக் குரூப்புக்கோ போய், இன்று மட்டும் இதுவரை ஒரு நாளில் வராத அளவுக்கு ஆர்டர்.

லேபிளில் 'பல்வலிக்கு' என்று சேர்க்க வேண்டுமாம். இதுவரை 'பல் தேய்க்க' என்று மட்டும்தான் இருக்கிறது. யோசித்தேன். "வலி மாறினவன் உனக்க வீட்டிலயே உண்டு. பின்ன என்ன யோசனை மக்கா?" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். நந்தனா மட்டும் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே, "அம்மா, சாம்பிள் ஒண்ணுதானே?" என்றாள். சயின்ஸ் குரூப் எடுத்த திமிர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

ஜூலை 5

பெருங்கடவிளை பள்ளியில் பல் முகாம். இலவசமாகக் கொடுக்கச் சின்னப் பொட்டலங்களோடு நானும் போனேன். வந்த டாக்டர் சின்னப் பெண், பெயர் ஷெர்லி. நம் பொடியை முகர்ந்து பார்த்து, "கொய்யா இலை நல்லதாக்கும். அதக் கொதிக்க வச்சு தெனமும் வாய் கொப்பளிச்சா கிருமிய குறைச்சு வைக்கும். ஆனா இனிப்பு தின்னுட்டு இத நம்பி இருக்காண்டாம்" என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்போது ஒரு அம்மா எழுந்து, எனக்கு வந்த பல்வலி தானாகவே நின்றுவிட்டது, இனி டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். ஷெர்லி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஓட்டை உள்ள பல்லு வலிச்சு வலிச்சு சட்டுனு நிண்ணா அது சொகமாயில்ல. உள்ள நரம்பு செத்தாச்சு. பின்ன கிருமிக்குத் தடையில்ல, வேரு வழியா எலும்புக்கு எறங்கும். வலிக்கிய பல்லுக்கு நாள் உண்டு. வலி நிண்ண பல்ல உடனே காட்டணும்."

பொட்டலங்களைக் கொடுத்து முடித்தேனா இல்லையா என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "எத்தற போச்சு?" என்று கேட்டார். எல்லாம் போச்சு என்றேன்.

ஜூலை 6

ஏன் சொல்லவில்லை?

ஒருவேளை அவர் பல் வேறு மாதிரி இருக்கலாம். ஒருவேளை கிராம்புதான் நிஜமாகவே… கிராம்பு மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான் செய்யும். எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஜூலை 9

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 11

டப்பா வாங்க அவர் ஆட்டோவிலேயே பாறசாலைக்குப் போனோம். ஸ்டாண்டில் நிறுத்தி, இறங்கச் சொல்லி, எல்லாருக்கும் காட்டினார். "இவளாக்கும் டாக்டர்." கிளீட்டஸ், அவரோடு பக்கத்தில் வண்டி போடுகிற பையன், எழுந்து நின்று, "சேச்சி, எனக்கும் ஒரு டப்பா வேணும்" என்றான். அவர் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்தவன் முகம். அதைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்?

டீக்கடையில் பரிப்பு வடை வாங்கினார். இடது பக்கம் மட்டுமே மென்றார். வலது பக்கம் ஒரு கடி வைத்து, உடனே நாக்கால் தள்ளிக்கொண்டார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

ஜூலை 12

சொல்லிவிட்டேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னேன், ஷெர்லி சொன்னது முழுவதும்.

முதலில் சிரித்தார். "உனக்க மருந்தில உனக்கே நம்பிக்கை இல்லியா?"

"பல்லு கெடாம பாக்கதுக்கு உண்டு. கெட்ட பல்ல எழுப்புகதுக்கு இல்ல. நாளைக்கே டாக்டரக் காணணும் நீங்க."

பிறகு கோபம் வந்தது. தட்டை நகர்த்தி வைத்தார். "வீடியோவில சொல்லியாச்சு. ஸ்டாண்டில உள்ளவனெல்லாம் வாங்கியாச்சு. இனி நான் போய் பல்லப் பிடுங்கிட்டு வந்தா ஆளுவ சிரிக்கும். என்னச் சிரிக்கட்டும், சாரமில்ல. உன்னயாக்கும் சிரிக்கும். ரெத்தினதாசுக்க பொண்டாட்டிக்க மருந்து கள்ளம்னு சொல்லும். அது நான் இருக்க நடக்காது."

என் மானத்தைக் காப்பாற்றப் பல்லை வாயில் வைத்துக்கொண்டிருக்கப் போகிறாராம்! கத்தினேன், அழுதேன். நந்தனா கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ஆத்திரம், அதற்குள்ளேயே ஒரு நெகிழ்ச்சியும். அந்த நெகிழ்ச்சிதான் அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 15

கன்னம் வீங்கியிருக்கிறது. வாயு என்கிறார். உப்புக் கிழி ஒத்தடம் கொடுக்கிறார். வீக்கம் தெரியாமல் இருக்க ஷேவ் பண்ணாமல் தாடி விடுகிறார். அந்த ரப்பரையாவது தோண்டி எடுங்கள் என்றேன். கை வைக்க விடவில்லை, அவரும் வைக்கவில்லை.

ஷெர்லியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "இண்ணு தன்னே கொண்டு வாங்க" என்றாள். கொண்டு வாங்க! தூக்கிக்கொண்டா போக முடியும்? நாளைக்குக் கட்டாயம் போகலாம் என்று நந்தனா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். நாளைக்கு வரட்டும்.

ஜூலை 17, வியாழன்

நேற்று போகவில்லை. தூரச் சவாரி ஒன்று கிடைத்துவிட்டது என்று போய்விட்டார்.

இப்போது மெடிக்கல் காலேஜ் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடிக்கும்.

காலையில் காய்ச்சல். வாய்க்குள் சூடான மரச்சீனிக் கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறது போலப் பேச்சு. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுகிறது. தாடைக்குக் கீழே பலகை போல. நான் கிளீட்டசைக் கூப்பிட்டேன், அவன் பறந்து வந்தான். நெய்யாற்றின்கரையில் பார்த்த டாக்டர் உடனே ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டார். நாக்கின் அடி வீங்கி மேலே தள்ளுகிறது, இன்னும் கொஞ்சம் ஏறினால் மூச்சு அடைக்கும் என்றார். ஒரு பல்லுக்கு. ஒரு ஓட்டைப் பல்லுக்கு மனுசன் சாவானா? சாவானாம். சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

உள்ளே கொண்டு போய்விட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். கழுத்தைத் திறக்க வேண்டும்.

ஆண்டவனே, அந்த மனிதர் எனக்கு வேண்டும். என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருக்கட்டும்.

கிளீட்டஸ் எதிரே நின்றுகொண்டே இருந்தான். உட்காருப்பா என்றேன். உட்காரவில்லை. "சேச்சி… எனக்க வாயிலயும் அது உண்டு" என்றான். எது என்று கேட்டேன். "ரப்பர் பாலு. அண்ணன்தான் வச்சு தந்துது."

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கத்தான். பிறகு அவன் தோளைப் பிடித்துத் தள்ளி, இப்போதே ஷெர்லியிடம் போ, நான் சொன்னேன் என்று சொல்லு, போ என்று துரத்தினேன்.

ஜூலை 18

பிழைத்தார்.

தாடைக்கு அடியில் கீறி, சீழை வெளியே எடுத்து, குழாய் வைத்திருக்கிறார்கள். பல்லையும் எடுத்தாயிற்று. சர்ஜன் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளையாக, ஒரு பயறு அளவுக்கு. "இது எந்தா?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இருந்த ஒரு வழியும் அடச்சாச்சு. சீழும் சலமும் பின்ன எங்க போவும்?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 22

குழாயை எடுத்தார்கள். குரல் இன்று வந்தது, கரகரவென்று. முதல் பேச்சு என்னவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். "கிளீட்டசிட்ட கேளு… அவனுக்கும் நான் வச்சு குடுத்தேன்" என்றார்.

அவன் பல்லைத் திறந்து சுத்தம் பண்ணியாயிற்று, எடுக்க வேண்டி வராது என்று ஷெர்லி சொன்னாள் என்றேன். வேறு யாருக்காவது? இல்லை என்று தலையை ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நனைந்திருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, துடைக்கவும் பயமாக இருந்தது.

ஜூலை 28

வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சிதான்.

மத்தியானம் விஜயம்மா அக்கா ஆரஞ்சோடு பார்க்க வந்தாள். வாசலிலேயே நிறுத்தி, வீடியோவை அழி, லேபிளையும் மாற்று என்றேன். "நம்ம பொடி யாரயும் கொல்லல்ல மக்கா. ரப்பர் பால் வச்சது அவனாக்கும்" என்றாள்.

உண்மைதான். அது உண்மை என்பதுதான் ஆபத்து. அந்த உண்மையில் சாய்ந்துகொண்டு காலம் முழுக்கப் பொடி விற்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வலி நின்றபோது சொகமாயிற்று என்று நம்பினவள் நானும்தான். ரப்பர் பாலுக்குக் கைதட்டிச் சிரித்தவளும் நான்தான்.

அழிக்காவிட்டால் நான் யூனிட்டில் இல்லை என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு அழித்தாள். சாயங்காலம் குழித்துறைச் சித்தியிடமிருந்து எனக்கே அந்த வீடியோ வந்தது, 'கண்டிப்பாகப் பார்க்கவும்' என்ற குறிப்போடு. இனி அதை எங்கே போய்த் துரத்த?

ஆகஸ்ட் 3

சுமியிடம் எல்லாவற்றையும் சொல்லி, இந்த வேலையையே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். திட்டினாள். "தட்டு பொய் சொல்லல்ல பிந்து. நீதான் அது சொல்லாததயும் சேத்துக் கேட்டிய." படலம் கட்டிய கிருமியில் பார்க்கும் வேலையை ஆரம்பித்துவிட்டாளாம். இன்னும் இலை வேண்டும், நன்றாகக் காய்ந்தது, புகை படாதது.

பறித்துக் கொடுத்தேன். ஆனால் இடிக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. கிண்டலும் இல்லை, குறையும் இல்லை. இலைக் கூடையைச் சுற்றிக்கொண்டு போகிறார். என்னை வெறுக்கிறாரா? கேட்கப் பயமாக இருக்கிறது. தையல் போட்ட கழுத்தைத் துவர்த்தால் மூடிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார். அங்கே என்ன பேசுகிறார்களோ.

ஆகஸ்ட் 17

உமிக்கரியைப் பாதியாகக் குறைத்து, இன்னும் மெல்லிசாக அரித்துப் புதுப்பொடி. லேபிள் பழையபடி 'பல் தேய்க்க'. கீழே ஒரு வரி: வலி இருந்தாலும், வந்த வலி நின்றாலும், பல் டாக்டரைப் பார்க்கவும். இப்படி எழுதினால் எவன் வாங்குவான் என்று விஜயம்மா அக்கா கேட்டாள். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெருங்கடவிளை ஓணச் சந்தையில் நமக்கும் ஒரு மேசை. டப்பாக்களை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியவர், போய்விடுவார் என்று நினைத்தேன். பின்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விற்பனை மந்தம். பக்கத்து மேசையில் பலாச்சக்கை வறுத்ததும் அச்சாறும் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

பதினொரு மணி வாக்கில் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு ஒருவர் வந்தார். போனை நீட்டினார். "இந்த வீடியோவில உள்ள பொடி இதுதானே?" விஜயம்மா அக்காவின் கை டப்பாவுக்குப் போய்விட்டது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"வீடியோவில உள்ளவன் நானாக்கும்" என்றார் அவர். துவர்த்தை எடுத்துத் தாடையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். சந்தையில், அத்தனை பேர் பார்க்க. "இது அந்த வீடியோவுக்குப் பெறகு உள்ளது. உமக்கு வலி உண்டா?"

"ரெண்டு நாளா உண்டு."

"அப்போ உமக்கு இது தரமாட்டேன். இது வலி இல்லாதவங்களுக்கு உள்ள சாதனமாக்கும். எனக்க பொண்டாட்டி அப்படித்தான் சொன்னா, நான்தான் கேக்கல்ல. வாரும், ஆட்டோ நிக்கிது, டாக்டரிட்ட நான் கொண்டு விடுகேன்."

தோளில் கை போட்டு அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போனார். விஜயம்மா அக்கா முணுமுணுத்தாள். எனக்குக் கண் மறைத்தது, அடுக்கி வைத்த டப்பாக்களையே திரும்பவும் அடுக்கினேன்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். "ஊசி போட்டாங்க. நான் கையப் பிடிச்சுக்கிட்டு நிண்ணேன்" என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆளுக்க வீட்டில ரெண்டு பிள்ளைய உண்டு. பல்லெல்லாம் இப்பதான் மொளச்சு வருகு. அதுகளுக்கு ரெண்டு டப்பா கேட்டாரு" என்றார்.

எடுத்துப் பொதிந்து கொடுத்தேன்.